மில் ஹாஜியாரின் கதவும் ஒரு பிறை நாளும்

சிஹானா ராத்தா, உன் கதிரையில் இன்னும் ஒருவரும் உட்காரவில்லை. முதலாளி புதுப் பிள்ளை ஒருத்தியை வேலைக்கு எடுத்துவிட்டார். ஆனால் அவளுக்கு வேறு கதிரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஏசி குளிர்கிறது என்று நீ போர்த்திக்கொள்ளும் கறுப்புச் சால்வை உன் கதிரையின் முதுகில் அப்படியே கிடக்கிறது. நான் அதைத் தோய்க்கவில்லை.

நேற்று அந்தப் புதுப் பிள்ளை கேட்டாள். "ராத்தா, பழைய ஃபைல் எல்லாத்துலயும் மூலையில சின்னப் பிறை ஒண்டு கீறி இரிக்கே, அது என்னத்துக்கு?"

சொல்லத் தொடங்கினேன். பாதியில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சை ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் கணக்கில் விழுந்தவள். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. டிக்கெட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பொறுமையாக வாசியுங்கள். இதில் வேலையும் இருக்கிறது, என் பிழையும் இருக்கிறது.

1. பிறை நாள்

எங்கள் ஒஃபீஸ் கல்முனை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிறவர்களைக் குறூப்பாக அனுப்புகிறோம். கட்டார், சவூதி போகிறவர்களுக்கு டிக்கெட் போடுகிறோம். விசாப் பாரம் நிரப்புகிறோம். சிஹானா என் கூடப் பிறந்த ராத்தா. எனக்கு ஐந்து வயது மூப்பு. அவள் ஏ.எல். வரைக்கும் படித்தவள், இங்கிலீசு கதைப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அந்தக் கவுண்டரில் பழைய ஆள். சாய்ந்தமருதில் இருந்து அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான் நான் தினமும் வேலைக்குப் போனேன்.

முதல் நாள் அவள் என் கையில் ஒரு ரமழான் உம்றா ஃபைலைத் தந்தாள். போகிற நாள், மக்காவில் எத்தனை நாள், மதீனாவில் எத்தனை நாள் என்று எல்லாம் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் நீலப் பேனையால் ஒரு பிறை மட்டும் கீறியிருந்தாள். ஃபைலின் மூலையிலும் அதே பிறை.

"இது என்ன ராத்தா, வெறும் நாள்?"

"பிறை நாள். பெருநாள் எண்டைக்கு எண்டு நமக்குத் தெரியுமா? பிறை கண்டாத்தானே தெரியும். ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். அதுக்கு ஒரு நாளக் கையில வெச்சிக்கணும்."

ரமழான் குறூப்புக்கு அது சரி. ஆனால் அவள் எல்லா ஃபைலிலும் அதைக் கீறினாள். கட்டாருக்கு ட்ரைவர் வேலைக்குப் போகிறவனுக்கும் கீறினாள். சென்னைக்குக் கண் ஒப்பரேஷனுக்குப் போகிறவருக்கும் கீறினாள். நான் கேட்டேன், "கண் ஒப்பரேஷனுக்கு என்னத்துக்குப் பிறை?"

"மனிசன் போடுற கணக்குக்குள்ள அல்லாஹ்க்கும் ஒரு நாள் விடணும்டி."

"அப்ப அல்லாஹ்க்கு ஹோட்டல் ரூமும் போடணுமா?"

அடிமட்டத்தால் கையில் ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

2. கதவு

மாவடிப்பள்ளியில் நெல் மில் வைத்திருக்கும் லத்தீப் ஹாஜியார் எங்களோடு ரெண்டு தரம் உம்றா போனவர். ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். மூன்றாவது உம்றாவுக்குத்தான் என்று நினைத்து ராத்தா புது ஃபைல் ஒன்றை எடுத்தாள்.

"எப்ப ஹாஜியார், ரமழானுக்கா?"

"இல்ல மகள். சுவிஸுக்கு."

ராத்தா பேனையைக் கீழே வைத்தாள். ஹாஜியார் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சித்தீக்கா மாமிதான் பேசினார்.

"கதவு பாக்கப் போறாராம். ஊருல இல்லாத கதவு."

விசயம் இதுதான். சுனாமிக்கு முன்னால் ஹாஜியாருக்கு சாய்ந்தமருதில் கடலோரம் வீடு இருந்தது. முதல் மனைவி ஜெஸீமா சுனாமியில் மௌத்தாகிவிட்டார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. வீட்டின் முன்கதவு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலியில் சாய்ந்து கிடந்தது. ஹாஜியார் அதை மில்லுக்குக் கொண்டுபோய் உமிச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தார். பிறகு சித்தீக்கா மாமியைக் கலியாணம் செய்தார், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கதவு அங்கேயே கிடந்தது. பல வருசம் கழித்துக் கொழும்பில் இருந்து ஒரு ஓவியக்கார மிஸ் வந்து, கடலோரத்து வீடுகளில் மிஞ்சிய கதவுகளைத் தன் கலைப்படைப்பு ஒன்றுக்காகக் கேட்டுத் திரிந்தார். ஹாஜியார் கொடுத்துவிட்டார். ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த நேரம் அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அந்தக் கதவு சுவிஸில் நடக்கிற பெரிய ஓவியக் கண்காட்சி ஒன்றில் தொங்கப் போகிறது. உலகத்தில் உள்ள பெரிய பெரிய கலைக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து கூடுகிற இடம். மில்லில் கணக்கெழுதும் தம்பி ஃபோனில் படம் காட்டியிருக்கிறார். ஹாஜியார் கதவின் பச்சைப் பெயின்றைப் பார்த்தே அது தன் கதவு என்று பிடித்துவிட்டார்.

"படம் பாத்தாப் போதாதா ஹாஜியார்?" என்று நான் கேட்டேன். ராத்தா மேசைக்குக் கீழே என் காலில் மிதித்தாள்.

ஹாஜியார் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். "படத்துல வெளிப்பக்கந்தான் மகள் இரிக்கு. உள்பக்கத்துலதான் ஜெஸீமாட எழுத்து. ஃபோன் நம்பர் எல்லாம் பேனையால கதவுலதான் எழுதி வெப்பா. கொப்பி வாங்கிக் குடுத்தாலும் எழுத மாட்டா. தொலைஞ்சி போகுமாம்."

"அவட படமும் இல்ல, கொப்பியும் இல்ல" என்றார் சித்தீக்கா மாமி. "எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டு. அவட கையால எழுதினது எண்டா அது ஒண்டுதான். இப்ப அத விக்கப் போறாங்களாம். வித்தா மறுகா எவன்ட வீட்டுக்க போகுமோ, யாருக்குத் தெரியும். நான்தான் சொன்ன, போய் ஒருக்காப் பாத்துட்டு வாங்க எண்டு. செத்த மனிசியோட எனக்கென்ன சண்ட? வரக்குள்ள எனக்கு சொக்லட் கொண்டு வந்தாச் சரி."

"திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாமே ஹாஜியார்?" என்றாள் ராத்தா.

"குடுத்ததக் கேக்க ஏலா மகள். ஒருக்காப் பாத்தாப் போதும்."

ராத்தா புது ஃபைலில் பேர் எழுதினாள். மூலையில் பிறை கீறினாள்.

3. உம்றாக்காரர்கள் போட்ட சுவிஸ் பயணம்

சுவிஸுக்கு நாங்கள் ஒருவரையும் அனுப்பியது கிடையாது. தெரிந்த வேலையைத் தெரிந்த மாதிரியே செய்தோம். மக்காவில் ஹோட்டல் போடும்போது ஹரம் பள்ளியின் வாசலில் இருந்து எத்தனை மீற்றர் என்றுதான் முதலில் கேட்போம். ராத்தா சுவிஸ் ஹோட்டல்காரனிடமும் அதையே கேட்டாள். கண்காட்சி வாசலில் இருந்து எத்தனை மீற்றர்? அந்த ஊரில் அந்தக் கிழமை முழுக்க ஒரு ரூமும் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் ரயிலில் ஒரு மணித்தியாலம் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊரில்தான் ரூம் கிடைத்தது.

உம்றாவுக்குரிய பயணச் சாமான் லிஸ்ட் எங்களிடம் அச்சடித்து இருக்கிறது. அதையே ஹாஜியாருக்கும் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் கோல் எடுத்தார்.

"மகள், இஹ்ராம் வெள்ளத் துணி ரெண்டு எண்டு போட்டிரிக்கு. அங்கயும் கட்டணுமா?"

ராத்தா ஃபோனைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எந்த நாள் போவது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். கண்காட்சி செவ்வாய்க்கிழமை தொடங்கி ஞாயிறு வரைக்கும் என்று அவர்களுடைய பக்கத்தில் போட்டிருந்தது. உம்றாவில் கூட்டம் வருவதற்கு முந்திப் போய்ச் சேர்வதுதான் கெட்டித்தனம். அதே மாதிரி இதற்கும் திங்கள் போய் இறங்குவது, செவ்வாயும் புதனும் கண்காட்சி, வியாழன் பிறை நாள், வெள்ளி திரும்புவது என்று போட்டாள். விற்றுப்போவதற்கு முந்திப் பார்க்க வேண்டும், அதனால் முதல் நாளே உள்ளே போக வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

விசாவுக்குக் கவர் லெட்டர் எழுத வேண்டும். என்ன நோக்கத்துக்குப் போகிறார் என்று அதில் சொல்ல வேண்டும். முதலாளி சொன்னார், "சுற்றுலா எண்டு போடு. கதவு கிதவு எண்டு எழுதினா பைத்தியம் எண்டு நினைச்சி விசா தர மாட்டான்."

ராத்தா கேட்கவில்லை. "பொய் எழுதினா, அவன் ஒரு கேள்வி கேட்டா ஹாஜியார் திக்குவாரு. உண்மய எழுதினா அவருக்குப் பாடமாக்கத் தேவல்ல." அவள் எழுதியது நாலு வரி. என்னுடைய வீட்டுக் கதவு உங்கள் நாட்டில் தொங்கப் போகிறது. அதில் என் மனைவியின் கையெழுத்து இருக்கிறது. அவர் உயிரோடு இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், ஊரில் எனக்கு மில் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதோடு மில்லின் பத்திரங்களையும் வைத்தாள். கண்காட்சிக்காரர்களுக்கும் அந்தக் கொழும்பு மிஸ்ஸுக்கும் ஈமெயில் போட்டாள். அவர்களுக்கு இதே மாதிரி எத்தனை ஈமெயில் வருமோ, பதில் வரவில்லை.

ஹாஜியார் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தார். மூன்று கிழமையில் விசா வந்தது. ராத்தா கீழே கடைக்குப் போய் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல்.

4. நான் சொன்ன "ஓம்"

டெங்கு என்றார்கள். கல்முனையில் வார்டில் போட்டார்கள். உம்மா அவளோடு நின்றார். நான் காலையில் ஒஃபீஸைத் திறந்துவிட்டு, பகலில் பார்க்கிற நேரத்துக்குச் சாப்பாடு கொண்டு போவேன்.

ஹாஜியாரின் டிக்கெட்டை விசாவுக்குக் காட்டுவதற்காகச் சும்மா பிடித்துத்தான் வைத்திருந்தோம். அதை இனி இஷ்யூ பண்ண வேண்டும், அதாவது உண்மையான டிக்கெட்டாக வெட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்தால் ரூம் புக்கிங் காலாவதியாகிவிட்டது. திரும்பப் போட்டால் புதன் இரவு வரைக்கும்தான் ரூம் இருக்கிறது. வியாழன் இரவுக்கு அந்த ஊரிலும் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை. தேடித் தேடிக் களைத்துப்போனேன். அப்போதுதான் நினைத்தேன், வியாழன் வெறும் பிறை நாள்தானே, சுவிஸ்காரன் பிறை பார்த்தா கண்காட்சி நடத்துகிறான் என்று. அந்த நாளை வெட்டினேன். வியாழன் காலை ஃப்ளைற்றில் திரும்புகிற மாதிரி டிக்கெட்டை இஷ்யூ பண்ணினேன். யாரிடமும் கேட்கவில்லை.

பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்தாவின் உதடு வெடித்திருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன இளநீரில் ரெண்டு மிடறுதான் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"ஹாஜியார்ட டிக்கெட் வெட்டிட்டியா?"

"ஓம்."

"தனியவா வெட்டின?"

"ஓம். ஒன்ட உதவி இல்லாமதான்."

சிரித்தாள். "கெட்டிக்காரி. பிறை நாள் வெச்சியா?"

"ஓம். வெச்சிரிக்கன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். சுகமில்லாதவளைக் குழப்பக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று உம்மாவிடம் சொன்னேன். அது சரியான காரணம் இல்லை. அவள் இல்லாமல் ஒரு ஃபைலை நானே முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் அவள் பிழை கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அவள் என்னோடு வேலையைப் பற்றிக் கதைத்தது அதுதான் கடைசி.

அடுத்த நாள் மட்டக்களப்புக்கு அம்புலன்சில் கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் மௌத்தாகிவிட்டாள். இருபத்தொன்பது வயது. கலியாணத்துக்குக் கொடுக்க அவளுக்கென்று எங்கள் வளவுக்குள் வாப்பா கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது.

ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் கேற்றடியோடு நின்றுவிட்டோம். வேலைக்குப் போகும்போது அவளுடைய முதுகைப் பிடித்துக்கொண்டு போன அதே ரோட்டில் அவளைக் கொண்டு போனார்கள். வளைவு வரைக்கும் பார்த்தேன். பிறகு தெரியவில்லை.

5. டிக்கெட் வாங்க முடியாத ரெண்டு நாள்

வீட்டில் இருக்க முடியவில்லை. ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் ஒஃபீஸுக்குப் போய்விட்டேன். ஹாஜியாரின் பயணத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை இருந்தது. ஃபைலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். பாஸ்போட், விசா, இன்சூரன்ஸ், டிக்கெட், ரூம் எல்லாம் இருந்தது.

புதுப் பிள்ளை அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள், "உள்ளுக்குப் போறதுக்கு டிக்கெட் எங்க ராத்தா?"

எனக்கு அவள் சொல்வது விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. இத்தனை வருசமாக ஆட்களை மக்காவுக்கு அனுப்புகிறோம். கஃபாவைப் பார்க்க வாசலில் யார் டிக்கெட் வாங்குவது? போய்ச் சேர்ந்தால் போதும், வாசல் திறந்துதான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கண்காட்சிக்கு உள்ளே போக டிக்கெட் வேண்டும் என்ற நினைப்பே எனக்கும் வரவில்லை, ராத்தாவுக்கும் வரவில்லை, முதலாளிக்கும் வரவில்லை.

அவர்களுடைய பக்கத்தைத் திறந்து செவ்வாய்க்கிழமையைத் தொட்டேன். வேலை செய்யவில்லை. புதனைத் தொட்டேன். வேலை செய்யவில்லை. வியாழனைத் தொட்டதும் திறந்தது. கீழே இருந்ததை எல்லாம் சொல் சொல்லாக ஃபோனில் தமிழாக்கிப் பார்த்தேன். முதல் ரெண்டு நாளும் அழைப்புக் கிடைத்தவர்களுக்கு மட்டும். பெரிய பெரிய வாங்குகிற ஆட்கள் வந்து பார்த்து வாங்குகிற நாட்கள் அவை. பொதுசனத்துக்கு வியாழன் பகல் பதினொரு மணிக்குத்தான் வாசல் திறப்பார்கள்.

நான் வெட்டிய நாள் அது. அந்த நேரம் ஹாஜியார் விமானத்தில் இருப்பார்.

ஃபைலின் மூலையில் ராத்தா கீறிய பிறை இருந்தது. அதை நான் அழிக்கக்கூட இல்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். முதலாளி எழும்பி வந்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ ஒண்டும் சொல்லாத. கண்காட்சிக்காரன் நாள மாத்திட்டான் எண்டு நான் ஹாஜியார்ட்டச் சொல்றன். ஒனக்கு இரிக்கிற கவல போதும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு நிமிசம் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தேன். ராத்தாவுக்கு ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதே பிழைக்கு இன்னொரு மனிசனிடம் இன்னொரு பொய்யா?

"நான் போய்ச் சொல்றன் முதலாளி" என்றேன்.

6. மாவடிப்பள்ளி

ராத்தாவின் ஸ்கூட்டியை எனக்கு ஓட்டத் தெரியாது. ஆட்டோவில் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் என்னைக் கண்டதும் கையைத் தட்டி மெசினை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது. சித்தீக்கா மாமி வீட்டுக்குள் இருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ராத்தாவைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

ஃபைலைத் திறந்து வைத்து எல்லாம் சொன்னேன். பிறை நாள் என்றால் என்ன என்று சொன்னேன். அதை நான் வெட்டியதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதையும் நான் ஓம் என்று சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹாஜியார் சேட்டில் இருந்த உமித் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாமிதான் கேட்டார், "இப்ப என்னடி செய்ற? இவரு அவ்வளவு தூரம் போய் வாசலப் பாத்துட்டு வாறதா?"

"பயணத்த விடுறதெண்டாலும் சொல்லுங்க ஹாஜியார். பிழை என்னில."

ஹாஜியார் ஃபைலைத் தன் பக்கம் திருப்பினார். அந்தப் பிறையை விரலால் தொட்டார்.

"ஒன்ட ராத்தாக்கிட்ட நீ பிறை நாள் வெச்சிரிக்கன் எண்டுதானே சொன்ன?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ப வெய்."

அவ்வளவுதான் சொன்னார். எழும்பிப் போய் மெசினைப் போடச் சொன்னார்.

மாமி என் காதுக்குக் கிட்ட வந்து சத்தமாகச் சொன்னார், "வெட்டின நாளத் திருப்பி ஒட்டிப்போடு. படுக்க எடம் இல்லாட்டி ரோட்டுல படுப்பாரு. ஹஜ்ஜுக்குப் போய் மினாவுல தரையில படுத்தவருதானே."

ரெண்டு நாள் அந்த வேலைதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நேரடியாக வருகிற ஃப்ளைற் நிறைந்துவிட்டது. தோஹாவில் பதினொரு மணித்தியாலம் காத்துக் கிடந்து வருகிற ஒரு சீற்தான் கிடைத்தது. ஹாஜியார், "தொழுறதுக்கு எடம் இரிக்குத்தானே, போடு" என்றார். வியாழன் இரவு தங்கத்தான் இடம் இல்லை. மில்லுக்கு நெல் போடுகிற காரைதீவு யோகன் அண்ணனின் தம்பி சுவிஸில் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரியவந்தது. யோகன் அண்ணன் கோல் எடுத்துச் சொன்னார், "என்ர தம்பி வீடு இருக்கேக்க ஹாஜியார் என்னத்துக்கு ஹோட்டல்ல நிக்கிற? இறைச்சி சமைக்க வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன், மீன்தான்."

வியாழக்கிழமைக்குக் கண்காட்சி டிக்கெட் எடுத்தேன். அச்சடித்து ஃபைலில் முதல் தாளாக வைத்தேன்.

7. வியாழக்கிழமை

ஹாஜியார் திங்கள் போய் இறங்கினார். செவ்வாயும் புதனும் சும்மா இருக்க மனமில்லாமல் ரயில் ஏறிப் போய்க் கண்காட்சி வாசலில் நின்றிருக்கிறார். அங்கிருந்து வொய்ஸ் மெசேஜ் போட்டார்.

"மகள், வெளிய நிக்கன். உள்ளுக்குப் போற சனம் எல்லாம் கறுப்புதான் உடுத்திரிக்கு. கல்முனைக் கோட்டடி மாதிரி இரிக்கு. வழக்குத்தான் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரெண்டு நாளும் உள்ளே வாங்குகிற ஆட்கள். கதவு விற்றுப்போய், யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டால்? விற்றாலும் கடைசி நாள் வரைக்கும் தொங்கவிட்டிருப்பார்களா, உடனே கொண்டு போய்விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நான் திரும்பிப் பார்க்கிறது ராத்தாவின் கதிரையைத்தான்.

அங்கே பதினொரு மணி என்றால் எங்களுக்குப் பகல் ரெண்டரை. மூன்றாகியும் மெசேஜ் இல்லை. மூன்றரையும் ஆகிவிட்டது. முதலாளி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாலு மணிக்குக் கொஞ்சம் முந்திக் கோல் வந்தது. ஹாஜியார் இல்லை. மில்லில் இருந்து சித்தீக்கா மாமி. அழுதுகொண்டு கதைத்தார்.

"மனிசன் இப்ப மில் ஃபோனுக்கு எடுத்தாரு. என்ட கையில இரிக்கிற ஃபோனுக்கு எடுக்காம என்னத்துக்கு இதுக்கு எடுக்கீங்க எண்டு கேட்டன். கதவுல எழுதிரிக்கிற நம்பரப் பாத்து அடிச்ச எண்டாரு."

பிறகு ஹாஜியாரின் மெசேஜும் வந்தது. அதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மகள், இரிக்கு. வித்துட்டாம், செகப்பு வட்டம் ஒண்டு ஒட்டிரிக்கு. ஆனா ஞாயிறு வரைக்கும் இஞ்சதான் தொங்குமாம். மூணு கதவு கம்பியில தொங்குது. சனம் முன்னுக்கு நிண்டு பாத்துட்டுப் போகுது. நான் பின்னுக்குப் போனன். ஜெஸீமாட எழுத்து அப்பிடியே இரிக்கு. அவட உம்மாட நம்பர், மருந்துக் கடை நம்பர், மீன்காரன்ட நம்பர். எல்லாத்துக்கும் கீழ மில் நம்பர். மில் நம்பருக்குப் பக்கத்துல 'இவர்' எண்டு எழுதிரிக்கா. என்ட பேர எழுதல்ல. நான் மறந்தே போன, அவ என்னப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா. அங்க நிக்கிற புள்ள ஒண்டு கிட்ட வரவேணா எண்டு கையக் காட்டிச்சு. நான் ஃபைல்ல இருந்த கவர் லெட்டரக் குடுத்தன், சிஹானாப் புள்ள எழுதின. வாசிச்சிட்டு அந்தப் புள்ள போய் ஒரு கதிர கொண்டு வந்து கதவுக்குப் பின்னால போட்டுத் தந்திச்சு. நான் இரிக்கன் மகள். இன்னும் ஒள்ளுப்பம் நேரம் இரிக்கன்."

மெசேஜ் அதோடு முடிகிறது.

டிக்கெட் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஆட்கள் போகிற இடத்துக்கு வாசல் இருக்கிறதா, அது எந்த நாள் யாருக்குத் திறக்கும் என்று முதலில் பாருங்கள். ஃப்ளைற்றும் ரூமும் பிறகு. ஃபைலில் பிறை கீறியிருந்தால் அதை வெட்டாதீர்கள். இப்போது நான் கீறுகிறேன், என் பிறை அவளுடையதைப் போல வடிவாக வராது. பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அந்த ஆள் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

ராத்தா, நான் உனக்குச் சொன்ன ஓம் அன்றைக்குப் பொய். வியாழக்கிழமை நாலு மணியில் இருந்து அது பொய் இல்லை. இது உனக்கு எட்டுமா என்று எனக்குத் தெரியாது.

இதை வாசித்தவர்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த மார்க்கமாக இருந்தாலும், ஒரு நிமிசம் சிஹானாவை நினைத்து இறைவனிடம் கேளுங்கள். அவளை அடக்கிய கப்று விசாலமாக இருக்க வேண்டும், அவள் போயிருக்கிற இடத்தில் வாசல் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று. தொழுகிறவர்கள் அஸருக்குப் பிறகு கேளுங்கள். அவள் போன நேரம் அது.